ஓர்லிகோனில் உப்புப் பார்த்த மூன்று நாள்

டூபென்டோர்ஃப் தாண்டும்போதுதான் இடுப்பில் ஏப்ரன் இன்னும் கட்டியிருப்பதைக் கண்டேன். மாவும் பன்றிக் கொழுப்பும் காய்ந்து மட்டைபோல விறைத்திருந்தது. கழற்றிச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓர்லிகோனிலிருந்து ஊஸ்டருக்கு ரயிலில் கால் மணித்தியாலம். நடந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு ரயிலில் சும்மா உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சனம் நாயோடும் சைக்கிளோடும் எதிரே வந்தது. இரண்டு கிழவிகள் என்னையும் என் கையில் இருந்த சுருளையும் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், "ஞாயிற்றுக்கிழமையும் வேலை, பாவம்" என்றாள். எனக்கு அவர்களுடைய பாஷை அதிகம் தெரியாது. ஞாயிறு, வேலை, பாவம் மூன்றும் தெரியும். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கால் போன இடமெல்லாம் போய், கடைசியில் பலெர்மோவில் ஒன்பது வருடம் மீன் வெட்டினேன். இத்தாலிப் பாஸ்போட் கிடைத்த பிறகு அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. அப்போதுதான் சுவிஸில் ஊஸ்டரிலிருந்து ரவி அண்ணை போன் எடுத்தார். என் சித்தப்பாவின் மகன். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். சூரிச்சில், ஓர்லிகோன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை, குசினிக்கு ஆள் தேடுகிறார்கள், தவமணி அக்கா என்று ஒரு மனிசி கோயிலில் வைத்துக் கேட்டா என்றார். வாறன் என்றேன்.

சூரிச் குசினிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் தேவைப்பட்டால் முதலாளி பேப்பரில் போடுவதில்லை. அடுப்படியில் நிற்கும் தமிழரைக் கூப்பிட்டு, உன்னைப்போல் இன்னொருவரைக் கூட்டிவா என்பார். கூட்டிவந்தவர்தான் பொறுப்பு. புதியவன் களவெடுத்தாலும் குடித்தாலும் கூட்டிவந்தவரின் முகத்தில்தான் கரி. அதனால் நல்ல ஆளாகத்தான் தேடிப் பிடிப்பார்கள். என்னைத் தேடிப் பிடித்தவர் தவமணி அக்கா.

இன்னொரு வழக்கம், வேலைக்கு எடுக்கமுன் இரண்டு மூன்று நாள் சும்மா வேலை செய்து காட்ட வேண்டும். மோப்பம் பார்த்தல் என்பதுதான் அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர். வெள்ளி, சனி, ஞாயிறு என்று எனக்கு மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை விடியவே ரயில் ஏறினேன். பெட்டி சுத்தமாக, கோயில் போல அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் சுகமாகக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ரயில் ஹின்வில்லில் நின்றது. எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறியிருக்கிறேன். திரும்பி ஓர்லிகோன் வந்து, ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சொன்ன நேரத்துக்கு மேல் நான்கு நிமிடம். வாசலில் நின்ற முதலாளி "நான்கு நிமிடம்" என்று மட்டும் சொன்னார். பலெர்மோவில் நான்கு மணித்தியாலம் பிந்தினால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

முதலாளியை எல்லோரும் செஃப் என்றே கூப்பிட்டார்கள். அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியாக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். சுவிஸ்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, தன் தாய் சமைத்த காலைச் சாப்பாட்டை இங்கே விற்கிறார். காலையும் மதியமும்தான் கடை. மூன்று மணிக்குக் கதவு பூட்டு. முட்டை அடுப்பில் அவரே நிற்பார். வேறு ஒருவரும் முட்டையைத் தொடக் கூடாது.

அந்தச் சாப்பாட்டைப் பார்த்ததும் எனக்குப் பாதி ஊர்ச் சாப்பாடு போலத்தான் இருந்தது. வெள்ளைச் சோளக் குறுணலை முக்கால் மணித்தியாலம் துழாவிக் கூழாக்குகிறார்கள். வெண்டிக்காயை வட்டமாக வெட்டி மாவில் பிரட்டிப் பொரிக்கிறார்கள். கோழியை மோரில் ஊறவைக்கிறார்கள். பிஸ்கட் என்று ஒன்று. அது தேத்தண்ணீரில் தோய்ப்பது அல்ல. உள்ளங்கை அளவில் உயரமான ரொட்டி. பிட்டால் ஏடு ஏடாகப் பிரியும். அதன்மேல் ஊற்ற ஒரு வெள்ளைக் குழம்பு: பன்றி இறைச்சியை உதிர்த்துப் பொரித்து, அந்தக் கொழுப்பிலேயே மாவைத் தூவிப் பால் விட்டு மிளகு போட்டுக் காய்ச்சுவது. பார்த்தால் எங்கள் ஊர்ப் பாற்சொதி. கிரேவி என்றார்கள். அந்தக் கடையின் பெயரே அந்தக் கிரேவியில்தான் நின்றது.

முதல் நாள் முன்பக்கம் கோப்பை எடுக்கப் போனபோது ஒரு கிழவர் கூழைக் கிளறியபடி மனைவியிடம் இத்தாலிப் பாஷையில் சொன்னது கேட்டது. "எங்கள் டெசின் பக்கத்தில் இதை மஞ்சளாகச் செய்வார்கள். இவர்களுக்குச் சாயம் போதவில்லை." மனைவி, "கோழியும் அப்பமும் காலையிலா? இவர்கள் இரவு தூங்கவே இல்லையா?" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

கிரேவியும் பிஸ்கட்டும் தவமணி அக்காவின் கையில். மட்டக்களப்புப் பக்கத்து மனிசி, அறுபத்து மூன்று வயது. என் நெஞ்சளவு உயரம். அகதியாக வந்து, இந்தக் குசினியில் ஒன்பது வருடம். நான் உள்ளே போனதும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணத்தானா மனே? உறைப்பத் தவிர உங்களுக்கு வேறொண்டும் தெரியாதே" என்றார். எங்கள் பக்கத்தில் மனே என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

பிஸ்கட் மாவைப் பிசையக் கூடாது என்பதை எனக்குக் காட்டினார். குளிர்ந்த பட்டரை மாவில் நுள்ளிப் போட்டு, கைச்சூடு ஏறமுன் மடித்து மடித்து வெட்ட வேண்டும். நான் பழக்க தோஷத்தில் ரொட்டிக்குப் பிசைவதுபோலப் பிசைந்தேன். "அது உனக்கு என்ன செய்தது, இப்படிப் போட்டு அடிக்கிறாய்?" என்று கையில் தட்டினார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அடுப்பின் எந்தப் பக்கம் சூடு கூட, எந்தச் சட்டி அடிப்பிடிக்கும், எல்லாம் சொன்னார். வார இறுதிக்கு உதவிக்கு ஆள் எடுக்கிறேன் என்றுதான் செஃப் அவரிடம் சொல்லியிருந்தார். கோப்பை கழுவிய பையனும் மாத முடிவில் நின்றுவிட்டதால் எல்லோரும் மாறி மாறிக் கழுவிக்கொண்டிருந்தோம். அதனால் இரண்டு பேர் தேவை என்பதை நானும் நம்பினேன்.

கிரேவி கொதிக்கத் தொடங்கியதும் அக்கா அகப்பையை என் கையில் தந்து, உப்பைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். தான் மச்சம் வாயில் வைப்பதில்லை என்றார். மகள் இங்கே பெரிய வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டாராம். மகள் பிழைத்துவிட்டாள், பத்தொன்பது வருடமாக மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. ஒன்பது வருடம் இந்தக் கிரேவியைக் காய்ச்சியவர் ஒரு துளியும் குடித்ததில்லை. படையலுக்குச் சமைக்கிற மனிசிகள் வாயில் வைக்காமல் மணத்திலேயே உப்புச் சொல்வார்களே, அப்படி. செஃப்புக்கும் இது தெரியும். சனங்களிடம் பெருமையாகச் சொல்வாராம்: இந்தப் பெண் சாப்பிட்டதே இல்லை, ஆனால் என் அம்மாவின் ருசி.

அப்படியானால் இன்றைக்கு ஏன் என்னைப் பார்க்கச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை தானாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பால் அடிப்பிடித்தது. நான் குளிர் அறையிலிருந்து வரும்போதே புகை மணம் மூக்கில் ஏறியது. அக்கா அந்தச் சட்டிக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத்தாள் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினேன். திரும்பிப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, மெதுவாக, "இரண்டு வருசமா எனக்கு மணம் இல்லை" என்றார்.

ஊரெல்லாம் வந்த அந்த நோய் அவருக்கும் வந்தது. எல்லோருக்கும் மணம் திரும்பிவந்தது. அவருக்குக் கொஞ்சம் வந்து, மறுபடி போய்விட்டது. வாய் ருசியும் கூடப் போய்விட்டது. வரலாம் என்றாராம் டாக்டர். அதுவரை கை அளவில் உப்புப் போட்டு ஓட்டியிருக்கிறார். சில நாள் சரி, சில நாள் பிழை. இன்னும் பதினான்கு மாதத்தில் பென்ஷன். அறுபத்து மூன்று வயதில் புதிதாக ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

"நீ பக்கத்தில நிண்டா நான் இந்தப் பதினாலு மாசத்த இழுத்திருவன் மனே. வாயால சொல்லாத. அந்தாள் பாத்துக்கொண்டு நிக்கும். அகப்பையால சட்டி விளிம்பில ஒருக்காத் தட்டினா உப்புச் சரி, ரெண்டு தரம் தட்டினா உப்புக் காணாது."

அன்று முழுக்கத் தட்டினேன். வருகிறவர்கள் தட்டை வழித்து அனுப்பினார்கள். அந்தக் குசினியின் இரைச்சலில் என் அகப்பைச் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கதவு பூட்டிய பிறகு செஃப் என்னைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டார். ஆறு மாதமாகக் கிரேவியில் உப்புக் கூட, உப்புக் குறைய என்று சனம் சொல்கிறது, நேற்றும் இன்றும் ஒருவரும் சொல்லவில்லை, ஏன் என்றார். என் உடைந்த இங்கிலீஷில் தெரியாது என்றேன். "அவளுக்கு மணம் இல்லை, அப்படித்தானே?" என்றார். அதற்கும் தெரியாது என்றேன். அவர் ஒரு கோழிப் பெட்டியின் மேல் கையை ஊன்றினார். அவருக்கும் அது சந்தோஷமான வேலையாகத் தெரியவில்லை.

"நாளைக்கு எனக்குத் தெரிந்துவிடும்" என்றார். "நான் நினைப்பது சரியென்றால் அடுப்பு உனக்கு. அவளிடம் சொல்லாதே."

வெளியே அக்கா எனக்காக நின்றார். டிராம் வரும் இடம்வரை சேர்ந்து நடந்தோம். அவருடைய பையில் லீக்ஸ் கட்டு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மகள் இப்போது தாதி என்றார். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வா, புட்டு அவிக்கிறேன், உப்பு நீதான் பார்க்க வேண்டும் என்று சிரித்தார். டிராம் வர ஏழு நிமிடம் இருந்தது. ஒரு வசனம் சொல்ல ஏழு நிமிடம் தேவையில்லை.

நான் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் பொய். ரவி அண்ணை வீட்டில் நான் படுப்பது சாமான் அறையில், சைக்கிளுக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில். ஃப்ரீசர் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை உறுமும். எனக்கு நாற்பத்தொரு வயது. டிராமில் ஏறி அக்கா கை காட்டும்போது நான் நினைத்தது அந்த ஃப்ரீசரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கடைக்குத் திருவிழா. எட்டு மணிக்கே வாசலில் வரிசை. பிள்ளை வண்டிகள், நாய்கள், நெஞ்சோடு பந்தை அணைத்த பையன்கள். நான் போனபோது கிரேவிச் சட்டி ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. செஃப்பே காய்ச்சியிருந்தார். அவர் முட்டை அடுப்பை விட்டு விலகி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தார். செஃப் அவரிடம் ஜெர்மனில், "இது போகலாமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அக்கா எப்போதும் செய்வதுபோலக் குனிந்து, கையால் ஆவியை முகத்துக்கு விசிறினார். ஒன்பது வருடம் செய்த செயல். அழகாக இருந்தது. பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்தார்.

அகப்பை என் கையில் இருந்தது. சட்டி விளிம்பு ஒரு சாண் தூரம். செஃப்பும் என்னைத்தான் பார்த்தார். முகத்தையல்ல, கையை.

நான் கையை அசைக்கவில்லை.

வெளியே யாரோ கோப்பி கேட்டார்கள். அக்கா என் கையிலிருந்து கண்ணை எடுத்தார். மேசையில் கிடந்த கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் விட்டார். செஃப்புக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம், நீ அதைச் செய்யத் தேவையில்லை" என்று கையை நீட்டினார். அதற்கிடையில் அக்கா கரண்டியை வாயில் வைத்துவிட்டார். பன்றி இறைச்சித் துணுக்கோடு விழுங்கினார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு.

"போகலாம்" என்றார்.

செஃப் இன்னொரு கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி வாயில் வைத்தேன். உப்பே போடவில்லை. ஒரு கல்லுக்கூட இல்லை. பச்சைக் குழந்தைக்குத் தெரியும்.

"உப்பில்லை" என்றேன்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. செஃப் தானே உப்பை அள்ளிப் போட்டார். வரிசை நீண்டுகொண்டிருந்தது, நின்று கதைக்க நேரம் இல்லை. அக்கா மூன்று மணிவரை பிஸ்கட் வெட்டினார். ஒரு பிஸ்கட்டும் கோணவில்லை. என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மூன்று மணிக்கு செஃப் அவரை உட்காரவைத்து, ஜெர்மனும் இங்கிலீஷும் கலந்து, அடுப்பில் இனி நிற்க முடியாது, அடிப்பிடித்து நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு, வேண்டுமானால் கோப்பை கழுவும் இடம் இருக்கிறது, பென்ஷன்வரை நிற்கலாம் என்றார். அக்கா ஏப்ரனை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு செஃப் என்னிடம் வந்து, நாளை காலை ஆறு மணி என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்றார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். முதல் இரண்டு கிலோமீட்டர் என்னைப்போல ஒரு மனிதன் இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கிரைஃபென்சே ஏரி மரங்களுக்கிடையில் தெரியத் தொடங்கும்போது போன் அடித்தது. தவமணி அக்கா.

"எங்க நிக்கிறாய்?"

"ஊஸ்டருக்கு நடக்கிறன் அக்கா."

"நடக்கிறியோ? ரயிலுக்கு என்ன நடந்தது?"

ஏப்ரன் சுருளை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"செஃப் இப்ப போன் எடுத்தவர். கோப்பை கழுவ வாறனெண்டு சொல்லிட்டன். நீ வேண்டாமெண்டு போட்டு வந்திட்டியாம்."

"ஓம் அக்கா. உங்கட இடத்தில என்னால நிக்கேலாது."

மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அகப்பை கையிலதானே கிடந்தது?"

"ஓம்."

"அப்ப தட்ட வராத கை, இப்ப மட்டும் கும்பிடு போட வருதோ? நல்லவனாகிறதுக்கு உனக்கு என்ர வேலைதான் கிடைச்சுதா மனே? கேளு. அந்தாளிட்ட ஒரு போர்த்துக்கல் புருசன் பெண்சாதி வேலை கேட்டு நிக்குது. புருசன் அடுப்புக்கு, பெண்சாதி கோப்பைக்கு. சோடியாத்தான் வருவினமாம். நீ நாளைக்குப் போகாட்டி அந்தச் சோடி வரும். எனக்குக் கோப்பையும் இல்லை. விளங்குதா?"

விளங்கியது. ஏரியில் ஒரு படகு வெள்ளைப் பாயோடு நின்றது. கரையில் சனம் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த மணம் காற்றில் நேராக என்னிடம் வந்தது.

"உன்னைக் கூட்டியந்தது நான். எனக்குப் பதினாலு மாசம் வேணும். ஆறு மணிக்குப் போய் நில்லு."

"போறன் அக்கா."

அவர் போனை வைக்கவில்லை.

"பத்தொன்பது வருச விரதம்" என்றார். குரல் மாறியிருந்தது. "முறிக்கிறதெண்டாலும் ஒரு ருசியாவது தெரிஞ்சிருக்கலாம். பண்டி இறைச்சியா பஞ்சா எண்டு தெரியல்ல மனே."

அதற்குப் பிறகு போன் நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தையும் நடந்தேன். ரவி அண்ணை கதவைத் திறந்து, வேலை சரியோ என்று கேட்டார். சரி என்றேன். கைகொடுத்தார். ஏப்ரனை அவர் வீட்டு மெஷினில் போட்டுக் கழுவினேன்.

திங்கட்கிழமை சரியான ரயிலில் ஏறினேன். ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கக் குசினிக்குள் நின்றேன். செஃப் நேற்றையதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடுதாசி ஒன்றை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். மூலையில் கோப்பை கழுவும் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தவமணி அக்கா எனக்கு முன்னரே வந்துவிட்டார். கை முழங்கைவரை மஞ்சள் உறை. தொட்டி உயரம் அவருக்கு அதிகம். ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார்.

இறைச்சியை உதிர்த்துப் பொரித்தேன். மாவு தூவினேன். பால் விட்டேன். அவர் காட்டிய பக்கத்தில், அவர் காட்டிய சூட்டில். உப்பைப் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கை தன் பாட்டில் போய்ச் சட்டி விளிம்பில் ஒருமுறை தட்டிவிட்டது.

தொட்டியில் கோப்பைச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

பதினொரு மணிக்கு முதல் சட்டி காலியானது. அடியில் மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது. கழுவக் கொடுக்க வேறு ஆள் இல்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் பக்கத்தில் நின்றேன்.

"வை" என்றார்.

வைத்தேன்.